ஜெபமாலை முடிந்தும் எழுந்திருக்காத என் தம்பிக்கு

என் செல்லச் சேவி,

கல்லறைத் திருநாள் முடிந்து ஒரு வாரமாகிறது. உன் தலைமாட்டில் நாங்கள் ஏற்றி வைத்த மெழுகுவர்த்திகள் மழையில் அணைந்து, சிலுவையடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து சுரண்டி எடுக்கிறேன். அதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்டா.

ஆமாம், சொல்லவே மாட்டேன் என்று உன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேனே, அதைத்தான். கோபப்படாதே. கோபப்படுவதாக இருந்தாலும் முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படு. நான் பேசும்போது குறுக்கே வருவது உன் பிறவிக் குணம். இப்போது உன்னால் வர முடியாது. பேச வந்தால் தடையே இல்லாமல் பேச முடிகிறது என்பதைப் போல் ஒரு கொடுமை எனக்கு வேறு இல்லை.

மற்றவர்களும் இதை வாசிக்கப் போகிறார்கள் என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். பொறுத்துக்கொள்.

உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னபோது உன் மகள் ஏஞ்சலா தவழ்ந்துகொண்டிருந்தாள். கூலிம் தொழிற்சாலையில் நீ ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே அவளைத் தூக்கித் தலைக்கு மேலே பிடிப்பாயே, அந்த நாட்கள். தோளெல்லாம் கன்றிப்போன திட்டுகள். பல் துலக்கினால் ரத்தம். பினாங்கு ஆஸ்பத்திரியில் உன் மஜ்ஜையை எடுத்துவிட்டு வேறொருவர் மஜ்ஜையை வைக்க வேண்டும் என்றார்கள். என் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, அச்சாகப் பொருந்துகிறது என்றார்கள். நீ ரீத்தாவைப் பார்த்து, நம் கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லையே என்றாய். பெண்டாட்டி அழுதுகொண்டிருக்கும்போது பேசுகிற பேச்சா அது?

அம்மா அன்றைக்கே பீடோங் பசாருக்குப் போய் ஆட்டுக்கால் நல்லி வாங்கி வந்தாள். இஞ்சி, மிளகு தட்டிப் போட்டு சூப் வைத்தாள். "எலும்புக்குள்ள இருக்கிறத எடுக்கப் போறாங்க. எலும்புக்குள்ள இருக்கிறதையே குடி" என்றாள். அவளுடைய வைத்தியப் படிப்பு அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் படுக்கும் நாள்வரைக்கும் எனக்கு நல்லி சூப்தான். பள்ளிக் கேண்டீனில் நான் கிண்டும் மீ நூடுல்ஸின் வாசனையையும் மீறி என் உடம்பில் மிளகு வாசம் அடித்தது.

என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். உனக்கு ஒரு பை நிறைய ஏற்றினார்கள். அவ்வளவு பெரிய விஷயம், பார்க்க ரோஸ் பண்டுங் சர்பத் மாதிரி இருந்தது என்று ரீத்தா சொன்னாள். கண்ணாடி அறைக்குள் நீ முடியெல்லாம் கொட்டிப் படுத்திருந்தபோதுதான் ஏஞ்சலா போனில் உன் முகத்தைப் பார்த்து முதல் தடவையாக அப்பா என்றாள். நீ அழுததை ரீத்தா சொன்னாள். நீ சொல்லவில்லை.

பிறகு நீ எழுந்தாய். முடி வந்தது. உன் ரத்த வகையே மாறி என் வகையாகிவிட்டது. மறுபடியும் கம்பெனி பஸ், மறுபடியும் ஷிப்ட். அம்மா கோயிலில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு: "என் மக குடுத்தா, என் மகன் எழுந்தான்." ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, புல் வெட்டி, அப்பா போன பிறகு நம் இருவரையும் இழுத்து வளர்த்தவள். மனிதர்கள் முன்னால் சொல்லிக்கொள்ள அவளிடம் அதற்கு முன்பு என்ன பெருமை இருந்தது, சொல்.

இனித்தான் அந்த அக்டோபர்.

மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகிற மாதம். சுங்கை லாலாங்கில் நம் தாமான் குடியிருப்பில் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் ஜெபமாலை. நாற்காலிகளை ஒதுக்கிப் பாய் விரித்து, கடைசி மன்றாட்டுக்கு எல்லோரும் முழங்காலில் நிற்போம். முடிந்ததும் வெளியே கூடாரத்தில் தேநீர், மீகூன் சேமியா, உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப். சின்ன வயதில் நீ மன்றாட்டு ஆரம்பிக்கும்போதே செருப்பைத் தேடுகிறவன். முதல் கறிபாப் உனக்குத்தான். உபதேசியார் உன்னைப் பார்த்தாலே மூக்கைச் சுருக்குவார்.

அந்த வருஷம் நீ எழுந்திருக்கவில்லை. எல்லோரும் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, பேச்சும் சிரிப்புமாக வெளியே போவார்கள். நீ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மாதாவின் முன்னால் அப்படியே இருப்பாய். முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. பிறகு பேச ஆரம்பித்தார்கள். சாவு வாசல்வரைக்கும் போய் வந்தவன், அவனுக்குத்தான் தெரியும் கடவுள் யாரென்று. பிலோமினா அக்கா தன் மகன்களைக் காதைப் பிடித்து இழுத்து வந்து உன்னைக் காட்டினாள். உபதேசியார் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைக் கேட்கவே வேண்டாம். அவள் நடையே மாறிவிட்டது.

எனக்கு மட்டும் சந்தேகம். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? கடவுளே வந்து கூப்பிட்டாலும், கறிபாப் ஆறிவிடும் என்று சொல்லக்கூடியவன் நீ.

ஒரு நாள் நான் வெளியே போகாமல் நின்றேன். வீட்டில் யாரும் இல்லை. நீ மெல்ல ஒரு கையை எடுத்து சோபாவின் கைப்பிடியில் வைத்தாய். எழும்பப் பார்த்தாய், இடுப்பு வரவில்லை. மறுபடியும் பார்த்தாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் வந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய், திருடி மாட்டிக்கொண்டவன் சிரிப்பு.

"அக்கா, தூக்கி விடு. அம்மா பார்க்க வேணாம்லா."

இடது பக்கம் நான் முழங்காலில் உட்கார்ந்தேன். உன் கையை என் தோளில் போட்டுக்கொண்டேன். இருவரும் சேர்ந்து எழுந்தோம். மெலிந்துபோன உடம்பு, ஆனாலும் உன் பாரம் முழுக்க என் மேல் விழுந்தது. கால் இருக்கிறது, ஆனால் கால் உனக்கு உதவவில்லை. அதை என் தோள் அறிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாய். கம்பெனி பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கிறது. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே விழுகிறது. ஏஞ்சலாவைத் தலைக்கு மேலே தூக்கி ரொம்ப நாளாகிறது, அவள் கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்குக் கழுத்து வலி என்கிறாய். ஏன்டா அம்மாவிடம் சொல்லவில்லை என்றேன். "அம்மா அவ்ளோ சந்தோஷமா இருக்கா அக்கா. நான் பக்திமான் ஆயிட்டேன்னு நினைச்சிட்டா. எப்படிச் சொல்றது?" என்றாய்.

உன்னை அங்கேயே திட்டினேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தள்ளிக் கிடந்த உன் பரிசோதனை நாளை முன்னால் இழுத்தேன். அதுவரைக்கும் மிச்ச ஜெபமாலைகளுக்கு உன் இடது பக்கத்தில் நான் முழங்காலில் நின்றேன். கூட்டம் வெளியே போனதும் தோளைக் கொடுப்பேன். அக்காவும் தம்பியும் சேர்ந்தே ஜெபிக்கிறார்கள், என்ன பாசம் என்றார்கள். பாசம்தான், இல்லையென்று யார் சொன்னது?

டாக்டர் சின்ன வயதுப் பெண். மலாயும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகப் பேசினார். உன் ரத்தத்தைச் சோதித்தார்கள், உன் தொடையிலிருந்து துளித் தசையை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார். மாற்றி வைத்த மஜ்ஜை உன் உடம்புக்குக் காவல். அந்நியமாக எது வந்தாலும் அடித்து விரட்டுவது அதன் வேலை. ஆனால் அதற்கு அந்த வீடே புதுசு. அதனால்தான் இத்தனை நாளும் மருந்து கொடுத்து அதை அடக்கி வைத்திருந்தார்கள். நன்றாக இருக்கிறாய் என்று மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தபோது, அது உன் தசைகளைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்டுவிட்டது. கேட்டதோடு நிற்கவில்லை. அடிக்கத் தொடங்கிவிட்டது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு, யார் தப்பும் இல்லை என்றார்.

யார் தப்பும் இல்லை. ஆனால் அது என் மஜ்ஜை. உன்னை அடிப்பது நான்.

நீ மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். "உன் ரத்தம்தானே அக்கா, சும்மா இருக்குமா? சின்ன வயசிலயே என்னை அடிச்சவதானே நீ" என்றாய். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் இருவரும் சிரிப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

சேவி, இன்றைக்கும் அந்த இடம் வரும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சு அறுந்துபோகிறது.

பினாங்குப் பாலத்தைத் தாண்டி வரும் வழியில் ஓய்விடத்தில் காரை நிறுத்தினோம். ரீத்தா தண்ணீர் வாங்கப் போனாள். அப்போதுதான் அந்த வாக்கைக் கேட்டாய். "தசை நோய்னு சொல்லிக்கலாம். ஆனா உன் ரத்தத்தால வந்துச்சுன்னு மட்டும் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அம்மாகிட்ட இருக்கிறது அந்த ஒரு பெருமைதான் அக்கா. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைய காப்பாத்துச்சுன்னு. அத எடுத்துடாத." நான் தலையாட்டினேன். அது போதாது என்று கையை நீட்டினாய். கைகூட முழுசாக நீளவில்லை. நானே வந்து பிடித்துக்கொண்டேன்.

மருந்தை ஏற்றினார்கள். முகம் நிலா மாதிரி உப்பியது. கொஞ்ச காலம் பலம் வந்தது, பஸ் படியில் பிடிக்காமல் ஏறினேன் என்று போன் பண்ணிச் சொன்னாய். பிறகு மறுபடியும் இறங்கியது. என் ரத்தத்தைக் கட்டிப்போட்டால் கண்ட கிருமியும் உள்ளே நுழைகிறது. அவிழ்த்து விட்டால் உன் தசையைத் தின்கிறது. டாக்டர்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் உன்னைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்தார்கள். கழுத்து நிற்காமல் போனது. தேநீர் குடித்தால் மூக்கில் ஏறியது. கஞ்சியைக் கூழாகக் கரைத்து, ஒவ்வொரு வாய்க்கும் தலையைக் குனிய வைத்து ரீத்தா ஊட்டினாள். எப்போதும் கத்திப் பேசுகிற உன் குரல் நூல் மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். சுங்கை லாலாங்கிலிருந்து தனியாக பஸ் பிடித்து, சுங்கை பட்டாணிக்கு. கையில் அடுக்குத் தூக்கு. திறந்ததும் மிளகு வாசம். நல்லி சூப்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா ஊற்றிக் கொடுத்தாள். நான் கையில் வாங்கவில்லை. "இன்னொரு தடவ குடும்மா. முதல்ல குடுத்தப்ப எப்படி எழுந்தான். இப்ப அந்தப் பலம் குறைஞ்சு போச்சு, அதான் இப்படி விழுறான். நீ நல்லாத்தானே இருக்க" என்றாள். பெற்ற மகளிடம் அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

என்ன சொல்ல? இன்னும் கொடுத்தால் அது இன்னும் அடிக்கும் என்றா? டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். எனக்கே என் குரல் பொய்யாகக் கேட்டது. அம்மா தூக்கின் மூடியைக் கையில் எடுத்தாள். "டாக்டர் சொன்னாரா, உன் வீட்டுக்காரர் சொன்னாரா?" என்றாள். அறைக்குள் இருந்த அவர் காதிலும் அது விழுந்தது. அம்மா சூப்பைத் திரும்பத் தூக்கில் ஊற்றி, மூடி, எழுந்து போனாள். என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. மூச்சு விடுவதே உனக்கு வேலையாக இருந்தது. ஆனால் நீ எதையோ கண்டுபிடித்துவிட்டாய். கடைசி முறை ஆஸ்பத்திரியில், சளி நுரையீரலுக்குள் இறங்கி, மாஸ்க்குக்குள் நீ திணறிக்கொண்டிருந்தபோது என் கையைத் தேடினாய். குனிந்து காதைக் கொடுத்தேன். "நீ குடுக்கலைன்னா அவ அப்பான்னு கூப்பிட்டத நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றாய். மூச்சு வாங்கிவிட்டு, "அடிச்சாலும் அக்கா அக்காதான்லா" என்றாய்.

அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாளும் இருக்கிறேன்.

உன்னைக் குழிக்குள் இறக்கும்போது அம்மா, கேட்டேனே, கேட்டேனே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கடவுளிடம் கேட்டதைச் சொல்கிறாள் என்று ஊர் நினைத்தது. யாரிடம் கேட்டாள் என்று எனக்கல்லவா தெரியும். மண் போடச் சொன்னார்கள். கையில் மண்ணோடு நின்றேன். உள்ளே போவது நீ மட்டுமில்லை. உன் நரம்பு முழுக்க ஓடியது என் ரத்தம். உயிரோடு நின்றுகொண்டு என்னில் ஒரு பங்கின்மேல் நானே மண் போட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு அம்மா என்னோடு நேராகப் பேசவில்லை. வீட்டுக்குப் போவேன், சாப்பாடு இருக்கும், பேச்சு இருக்காது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் ஏஞ்சலாவைக் கூப்பிட்டு, "உன் அத்தைகிட்ட சொல்லு" என்பாள். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பிள்ளையும் திரும்பி, "அத்தை, பாட்டி சாப்பிடச் சொன்னாங்க" என்று ஒப்பிக்கும். வாய்க்காரி நான். ஊரையே ஒரு பேச்சில் அடக்குகிறவள். ஒரு வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு அந்தச் சோற்றைத் தின்றேன். உனக்காகத்தான்.

கோயிலிலும் ஒன்று நடந்தது. என்னால் முழங்காலில் நிற்க முடியவில்லை. எனக்கு எந்த நோயும் இல்லை. முழங்காலில் போனதும் என் இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியாமல் தோள் உன் கையைத் தேடுகிறது. அது வராதபோது எழுந்திருக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்வேன். தம்பி போனதில் ரோஸிக்குக் கடவுள் மேல் கோபம் என்று பேசிக்கொண்டார்கள். நீ முழங்காலில் இருந்ததையும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், நான் முழங்காலில் இல்லாததையும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஆட்களை என்ன செய்வது?

இப்போது உன் மகள் விஷயம் கேள். பாலர்பள்ளிக்குப் போகிறாள். வாய் அப்படியே நீ. ரீத்தா காலை ஷிப்ட் மட்டும் வாங்கிக்கொண்டு அம்மாவோடு இருக்கிறாள். உன் மோட்டாரை விற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைப்பாள். இந்த அக்டோபரில் நம் வீட்டு ஜெபமாலை முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு, ஏஞ்சலா மட்டும் மாதாவின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு முழங்காலில் இருந்தாள். ஓடிப்போய், என்னம்மா, கால் வலிக்கிறதா என்றேன். "இல்ல அத்தை, அப்பா இப்படித்தான் இருப்பாங்கன்னு பாட்டி சொன்னாங்க" என்றாள். பிறகு ஒரே துள்ளலில் எழுந்து கறிபாப் எடுக்க ஓடினாள். அந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டு நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

இனி கல்லறைத் திருநாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். ரீத்தா பிள்ளைக்குக் குடை பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். அம்மா உன் தலைமாட்டில் முழங்காலில் இருந்தாள். ஜெபித்து முடித்தாள். ஒரு கையைச் சிமெண்டில் ஊன்றினாள். எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடியும் பார்த்தாள். வயதான முழங்கால், சேற்று மண். ஆனால் நான் அம்மாவைப் பார்க்கவில்லை சேவி. அந்தக் கை ஊன்றிய விதத்தில் நான் உன்னைப் பார்த்தேன்.

ஓடிப்போய் இடது பக்கம் முழங்காலில் விழுந்து தோளைக் கொடுத்தேன். அம்மா என் தோளைத் தள்ளினாள். "வேணாம். உன்கிட்ட ஒரு தடவ கேட்டாச்சு."

ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னோடு நேராகப் பேசிய முதல் பேச்சு.

அதற்கு மேல் என்னால் முடியவில்லைடா. உன் கல்லறை மேலே கையை வைத்துக்கொண்டு சொன்னேன். "அம்மா, தம்பியோட தசைய தின்னது என் ரத்தம்தான். இன்னும் குடுத்திருந்தா இன்னும் சீக்கிரம் போயிருப்பான். அதனாலதான் குடுக்கல. உனக்குத் தெரியக் கூடாதுன்னு அவன்தான் சத்தியம் வாங்கினான்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. உன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகள் உன் பெயர் என்று தெரியும். விரலால் அதன்மேல் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். நான் என்னவெல்லாமோ எதிர்பார்த்தேன். அடிப்பாள், ஓலமிடுவாள், எழுந்து போய்விடுவாள் என்று. அவள் பெருமையை நான் எடுத்துவிட்டேன் அல்லவா? இனிமேல் கோயிலில் யாரிடம் என்ன சொல்லுவாள்? அவள் வாய் திறக்கும்வரைக்கும் நான் உயிரோடு இல்லை.

பிறகு அவள் கையைத் தூக்கி என் தோளில் போட்டாள்.

"தூக்கி விடு" என்றாள்.

எழுந்தோம். அம்மா அப்படிக் கனக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வாசல்வரைக்கும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

முந்தாநாள் வாசலில் கூப்பிடும் சத்தம் கேட்டது. அம்மா, தனியாக. பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் அதே அடுக்குத் தூக்கு. எனக்குப் பயமாகிவிட்டது. கல்லறையில் சொன்னது அவளுக்குப் புரியவே இல்லையோ? அல்லது எல்லாவற்றையும் மறந்து, இன்னும் உனக்குக் கொடுக்கச் சொல்லி வந்திருக்கிறாளோ?

நேரே சமையலறைக்குப் போனாள். கிண்ணம் எடுத்தாள். சூப்பை ஊற்றி என் கையில் வைத்தாள். மிளகு வாசம் முகத்தில் அடித்தது.

"குடி" என்றாள். "இப்ப யாருக்கும் குடுக்க வேணாம். எல்லாத்தையும் நீயே வச்சுக்க."

நான் குடித்தேன். அழுகையும் சூப்பும் ஒன்றாக இறங்கின. நான் குடித்து முடிக்கும்வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றதும் அவருக்கும் ஒரு கிண்ணம் எடுத்தாள். போகும்போது தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஆக, உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். மன்னிப்பாயா என்று தெரியவில்லை. மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அடித்துக்கொள்வது நமக்குப் புதுசா என்ன?

ஆனால் ஒன்றை நான் சொல்லவில்லை. அந்த அக்டோபரில் நீ எழுந்திருக்க முடியாமல்தான் முழங்காலில் இருந்தாய் என்பதை. அதை அம்மா கேட்கவும் இல்லை. அவளுக்கு அவள் மகன் இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஒரு நாள் நீ என்னிடம் சொன்னாயே, முதலில் எழ முடியாமல் இருந்தேன், பிறகு சும்மா இருப்பதற்கு ஏதாவது சொல்லலாமே என்று ஏஞ்சலா பெயரைச் சொல்லிச் சொல்லி வேண்டினேன் என்று. அப்படியென்றால் அம்மா நினைப்பது முழுப் பொய்யும் இல்லைதானே? அவளால் இந்தக் கடிதத்தை வாசிக்க முடியாது. வாசிக்கிறவர்கள் யாராவது சுங்கை லாலாங் பக்கம் போனால், தயவுசெய்து இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

சேவி, இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அந்த ஒன்றை நான் சாகும்வரை காப்பாற்றுவேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அம்மாவுக்கு இடது பக்கத்தில் முழங்காலில் நிற்பேன். அவளை எழுப்புகிற சாக்கில் நானும் எழுந்துவிடுவேன். அப்படியே பழகிக்கொள்வேன்.

உன்னை அடித்ததும் அணைத்ததுமான ரத்தம்,
மண்ணுக்குள் பாதி உன்னோடு படுத்திருக்கும்,
உன் ரோஸி அக்கா